எந்த நாள்? எந்த ஆண்டு?

நம் வகுப்பிலே பயிலும் மாணவி ஒருத்தி. தந்தை இல்லை. தாய் செங்கற்சூளையிலே கல் சுமப்பவர். படிப்பிலே சுட்டி, கணக்கிலே வகுப்புக்கே முதல்வி. அவளுக்கு வரவேண்டிய கல்வி உதவித்தொகை வரவில்லை. ஏன் வரவில்லை? பிறப்புச் சான்றிதழிலே 5-8-2011 என்று இருக்கிறது. விண்ணப்பத்தைக் கணிப்பொறியில் ஏற்றியவர், திங்களை முதலிலும் நாளை அடுத்தும் கேட்ட கட்டத்திலே அதனை அப்படியே இட்டுவிட்டார். ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் பிறந்த பெண், மே திங்கள் 8ஆம் நாள் பிறந்தவளாகிவிட்டாள். ஒன்றுக்கொன்று முரணான இரு பிறந்தநாள்! ‘இவள்தான் அவள் என்பதற்குச் சான்று கொண்டு வா’ என்றது அலுவலகம். அந்தத் தாய் நான்கு நாள் கூலியை இழந்து, நான்கு முறை பேருந்து ஏறி இறங்கினார். நான்காம் நாள் நாமும் உடன் சென்றோம்.

“சாமி, இவ பொறந்தது ஆடிப்பெருக்குக்கு மறுநாளுக்கு மறுநாள். அது எனக்கு மறக்குமா?” என்று அந்தத் தாய் கேட்டார். அவருக்கு எண்ணும் எழுத்தும் தெரியாது. ஆனால், நாள் தெரியும். எண்ணும் எழுத்தும் தெரிந்தவர்களுக்குத்தான் நாள் தெரியவில்லை!

‘நாளை எழுதும் முறை பற்றி ஒரு கட்டுரையா? நாட்டிலே வேறு குறைகளே இல்லையா?’ என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கும் முன், ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நாளும் திங்களும் 12க்கு மேற்படாத எண்களாயிருந்தால், எது நாள், எது திங்கள் என்று எண்ணைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. 12 திங்களிலும் முதல் 12 நாள்கள், ஆக 144 நாள்கள். இவற்றிலே 1-1, 2-2 என்று இரண்டும் ஒன்றாயிருக்கும் 12 நாள்களைக் கழித்தால் எஞ்சுவன 132. ஓராண்டிலே 132 நாள்கள் ஐயத்திற்கிடமானவை! 9-11 என்று எழுதினால் அமெரிக்கருக்கு அது 2001ஆம் ஆண்டு நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த செப்டம்பர் 11. நமக்கோ அது நவம்பர் 9. 1989இல் பெர்லின் சுவரின் வாயில்கள் திறந்த நாள். எழுத்து ஒன்று, வரலாறு இரண்டு.

இது புதிய நோயன்று, தோழர்களே! பழைய நோய். அதன் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

நூறு கல் தொலைவு, பதினோரு நாள் இடைவெளி

புதுவையிலே பிரெஞ்சுக்காரர், சென்னைக் கோட்டையிலே ஆங்கிலேயர். இரு நகர்க்கும் இடையே ஏறத்தாழ நூறு கல் தொலைவு. 1736ஆம் ஆண்டு, நள ஆண்டு ஆவணித் திங்கள் 25ஆம் நாள், வியாழக்கிழமை, ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். புதுவையின் பிரெஞ்சு ஏடுகளில் அன்று செப்டம்பர் 6. அதே வியாழக்கிழமை, சென்னைக் கோட்டையின் ஆங்கில ஏடுகளில் என்ன நாள் தெரியுமா? ஆகஸ்டு 26!

எவ்வாறு நேர்ந்தது இந்த விந்தை? ரோமானியச் சீசர் வகுத்த பழைய நாட்காட்டி, ஆண்டுக்கு 365¼ நாள் என்று கொண்டது. உண்மை அளவை விட இது ஏறத்தாழ 11 நிமிடம் மிகுதி. பதினொரு நிமிடந்தானே என்று விட்டனர். நூற்றாண்டுகள் பல செல்லச் செல்ல அது பத்து நாளாகப் பருத்தது. 1582இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரெகொரி திருத்தம் செய்தார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவிக்கப்பட்டது. கத்தோலிக்க நாடுகள் ஏற்றன. ஆங்கில நாடு ஏற்கவில்லை. கணக்குத் தவறு என்றா? இல்லை. கணக்கைச் சொன்னவர் போப்பாண்டவர் என்பதால்! வானத்துக் கதிரவனுக்குச் சமயமில்லை. வையத்து மனிதருக்கு இருந்தது. அந்தப் பிணக்கால் 170 ஆண்டுகள் தவறான கணக்கையே கட்டிக்கொண்டு அழுதது, அறிவியலறிஞர் நியூட்டனைப் பெற்ற நாடு.

1746இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தான். என்று பிடித்தான்? தோற்ற ஆங்கிலேயர் செப்டம்பர் 10 என்று எழுதினர். வென்ற பிரெஞ்சுக்காரர் செப்டம்பர் 21 என்று எழுதினர். இரண்டும் ஒரே நாள். இதையறியாது இரு ஏடுகளையும் படிப்பவன், கோட்டை ஒருமுறை விழுந்ததா, இருமுறை விழுந்ததா என்று மயங்க வேண்டியதுதான்.

மயக்கம் இத்துடன் முடியவில்லை. ஆங்கிலேயருக்கு அந்நாளில் சட்டப்படி ஆண்டு பிறந்தது சனவரி முதல் நாளன்று, மார்ச்சு 25இல். பிரெஞ்சுக்காரர் 1747 சனவரி என்று எழுதியபோது, ஆங்கிலேயருக்கு இன்னும் 1746தான். குழப்பத்தைத் தவிர்க்க 1746/7 என்று இரட்டை எண் இட்டு எழுதும் வழக்கமும் இருந்தது. இறுதியில் 1752ஆம் ஆண்டுதான் இங்கிலாந்து பணிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 2, புதன்கிழமை. அதற்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை! உருசிய நாடு இன்னும் காலந்தாழ்த்தியது. அங்கே 1918இல்தான் சனவரி 31ஐ அடுத்துப் பிப்ரவரி 14 வந்தது. அதனாலேதான் அக்டோபர்ப் புரட்சியின் ஆண்டுவிழா நவம்பர் 7இல் கொண்டாடப்படலாயிற்று.

பெரிய வல்லரசுகள் இப்படித் தடுமாறிய நாளில், நம் தமிழ் நாளேடு எப்படி இருந்தது? ஆவணி 25 புதுவையிலும் ஆவணி 25தான். சென்னையிலும் ஆவணி 25தான். இதை நினைந்து பெருமிதம் கொள்ளலாம். ஆனால், நண்பர்காள், அந்தப் பெருமிதம் நாள் வரையில்தான், திங்கள் வரையில்தான். ஆண்டு என்று வரும்போது நம் தலை தாழ்கிறது. ஏன் என்று காண்போம்.

கல் பேசுகிறது, காலம் பேச மறுக்கிறது

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குறித்து மேடைதோறும் முழங்குகிறோம். குடவோலை முறை கண்ட தமிழன் என்று மார்தட்டுகிறோம். தட்டலாம், தகும். அந்தக் கல்வெட்டு எந்த ஆண்டினது? மதுரை கொண்ட கோப்பரகேசரியின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு என்றும், பதினான்காம் ஆட்சியாண்டு என்றும் கல் கூறுகிறது. முதற் பராந்தகனுடைய அந்த ஆண்டுகள் கி.பி. 919, 921 என்று நாம் இன்று எழுதுகிறோமே, அந்த எண்களைக் கல்லிலே காண முடியாது. ஆராய்ச்சியாளர் அரும்பாடுபட்டுக் கணித்த எண்கள் அவை.

மன்னன் முடிபுனைந்த நாள் முதல் ஆண்டெண்ணும் முறை அது. மன்னன் மாறினால் எண் மீண்டும் ஒன்று! சோழருள் ஒருவர் இராசகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி. அவருக்கடுத்தவர் மீண்டும் இராசகேசரி. ‘கோப்பரகேசரிக்கு யாண்டு 5’ என்று மட்டும் ஒரு கல் கூறினால், எந்தப் பரகேசரி? பாண்டிய நாட்டிலோ, ‘யாண்டு இரண்டு, இதன் எதிர் பதின்மூன்று’ என்று ஆண்டுக்குள் ஆண்டு! படிப்பவன் இரண்டையும் கூட்டிக் கொள்ள வேண்டும்.

பழனிக்கு அருகே ஐவர்மலை என்று ஒரு குன்று. சமணத் திருமேனிகள் செதுக்கப்பட்ட குன்று. அங்கே வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று கூறும் கல்வெட்டு ஒன்று, அதனுடன் சக ஆண்டு 792 என்றும் ஒரு சொல் சேர்த்துக் கூறியது. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் கி.பி. 870. எட்டாம் ஆண்டு 870 எனில், அவன் முடி சூடியது 862! இந்த ஒரு கல்லின் ஓர் எண், பாண்டியர் வரலாற்றுக்கே ஊன்றுகோலாயிற்று. மதுரையை அடுத்த ஆனைமலைக் கல்வெட்டு கலி 3871 என்று குறித்தது, கி.பி. 770 என்று தெளிந்தோம். தொடர் எண் பொறித்த கல், கலங்கரை விளக்கம். ஆட்சியாண்டு மட்டும் பொறித்த கல், கரை தெரியாத கலம்.

இந்தக் கலங்களையெல்லாம் கரை சேர்க்க முயன்றவருள் தலைசிறந்தவர் நம் தமிழர் ஒருவர்: எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை. கி.பி. 700 முதல் 1799 வரை, ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு நாள்தோறும் கிழமையும் திதியும் நாண்மீனும் கணித்து அவர் தந்த இந்திய எபிமெரிசு எனும் பெருநூல் 1922இல் வெளிவந்தது. கல்வெட்டிலே கிழமை, பிறை, நாண்மீன் மூன்றும் குறிக்கப்பட்டிருந்தால், அம்மூன்றும் ஒருங்கே கூடிய நாள் எது என்று கணித்துக் காலத்தைப் பிடிக்கலாம் என்பது முறை. இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். நாண்மீன் கணிப்பது வானியல், அது அறிவு. அந்த நாண்மீனுக்கு நன்மை தீமை ஒட்டுவதுதான் மடமை. முன்னதை வைத்து நம் முன்னோரின் காலத்தைக் கண்டோம். பின்னதை வைத்து நம் பெண்களின் திருமணத்தைத் தடுத்துக் கொண்டிருக்கிறோம்.

அறுபதின் சுழல்

பிறகு வந்தது அறுபதாண்டுச் சுழற்சி. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்கள். ஒன்றேனும் தமிழ்ப்பெயரில்லை. வியாழக்கோள் கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு. அதன் ஐந்து சுற்று அறுபது. வானியல் வழிப் பிறந்த கணக்குத்தான் இது. பின்னர் தென்னாட்டிலே வியாழனோடு இருந்த உறவு அற்றது. வடநாட்டு முறையிலே ஓராண்டுக்கு வழங்கும் பெயர் வேறு, இங்கே வழங்கும் பெயர் வேறு என்றாயிற்று. அறிவு வழிப் பிறந்ததைப் புராணம் தத்தெடுத்துக் கொண்டது. நாரதர் பெண்ணாகிக் கண்ணனைக் கூடி அறுபது பிள்ளை பெற்றதாகவும், அப்பிள்ளைகளின் பெயரே ஆண்டுப் பெயர்களாக நிலைத்ததாகவும் கதை கட்டினர். நாணம் தரும் கதை என்பது ஒருபுறம். நாம் இங்கே எழுப்பும் வினா அதுவன்று. கதையை மறந்துவிடுவோம், பெயரையும் மன்னித்துவிடுவோம். கணக்காவது உதவுகிறதா?

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். மக்கள் கும்பல் கும்பலாக மடிந்த கொடும்பஞ்சம். அது 1876இல் தொடங்கியது. 1936உம் தாதுதான். 1996உம் தாதுதான். 2056உம் தாதுவாகவே பிறக்கும். ‘தாது வருடம்’ என்று மட்டும் பொறித்த ஒரு செப்பேட்டையோ, எழுதிய ஓர் ஓலையையோ எடுப்பவன், எந்தத் தாது என்று யாரைக் கேட்பான்? எழுதியவன் இல்லை; எழுதியவன் பேரனும் இல்லை.

பார்த்திப ஆண்டு பிறந்தேன் என்று ஒரு மூதாட்டி கூறினால் நமக்கு விளங்கிவிடும். 2005இல் பிறந்தவர் மூதாட்டியாக இயலாது, ஆகவே 1945. மனிதன் கண்முன் நிற்கும் வரை அறுபது போதும். அவன் மறைந்தபின்? அறுபதாண்டுச் சுழற்சி ஒரு மனிதனின் ஆயுளுக்குப் போதும்; ஓர் இனத்தின் வரலாற்றுக்குப் போதாது. சுற்றிச் சுற்றி வருவது செக்கு. நேர்கோட்டில் செல்வது வரலாறு. இதுதான் நம் வழக்கின் அடிப்படை.

சட்டம் இயற்றினால் போதுமா?

விடுதலைக்குப்பின் நடுவண் அரசும் இந்தச் சிக்கலை எண்ணிப் பார்த்தது. 1952இல் வானியற்பியல் மேதை மேகநாத் சாகாவின் தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. சாகா பிற்படுத்தப்பட்ட எளிய குடும்பத்திலே, சிற்றூர்க் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, விண்மீன்களின் ஒளிக்கு விளக்கம் கண்டவர். நாடெங்கும் வழங்கிய முப்பது வகை நாட்காட்டிகளைக் குழு ஆராய்ந்தது. 1955இல் அறிக்கை, 1957 மார்ச்சு 22 முதல் சக ஆண்டு 1879, சைத்திரம் முதல் நாள் என்று தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. கணக்கிலே குறையில்லை. ஆனால், இன்று தெருவிலே எவரையேனும் நிறுத்தி, ‘இன்று சக ஆண்டில் என்ன நாள்?’ என்று கேட்டுப் பாருங்கள்! அரசிதழிலும் வானொலியிலும் வாழ்கிறது அது. மக்கள் வாயிலே வாழவில்லை. தமிழனின் சித்திரை ஏப்ரல் நடுவில் பிறக்க, சாகா குழுவின் சைத்திரம் மூன்று கிழமை முன்னரே பிறந்துவிடுகிறது. பெயர் ஒன்றுபோல ஒலிக்க, நாள் வேறுபட்டால் மக்கள் எப்படி ஏற்பர்? செம்மையான கணக்கு மட்டும் போதாது. புழக்கத்தோடும் அது பொருந்த வேண்டும்.

தமிழகத்திலே திருவள்ளுவர் ஆண்டு வந்தது. மறைமலை அடிகளார் வழியில் கிறித்தவ ஆண்டுடன் 31ஐக் கூட்டும் முறை. தமிழக அரசு 1971 முதல் அரசு நாட்குறிப்பிலும், 1972 முதல் அரசிதழிலும், 1981 முதல் அனைத்து அலுவல்களிலும் இதனைக் கைக்கொண்டது. செக்கைவிட்டு நேர்கோட்டுக்கு வந்தோம். இதுவே இதன் தலையாய சிறப்பு. வள்ளுவர் பிறந்த ஆண்டு அதுதானா என்று வரலாற்றாசிரியர் வழக்காடலாம். தொடராண்டுக்கு வேண்டியது எண்ணத் தொடங்க ஓர் இடம். அந்த இடத்துக்குச் சமயம் கடந்த ஒருவரின் பெயர் கிடைத்தது நம் பேறு.

ஆயினும், இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்த ஆண்டு தை முதல் நாள் பிறக்கிறது. 31ஐக் கூட்டு என்று குழந்தைகட்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சனவரி முதல் நாளிலிருந்து பொங்கல் வரை அந்தக் கூட்டல் தவறு. அந்த நாள்களில் 30தான் கூட்ட வேண்டும். இதனிடையே தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளே என்று 2008இல் சட்டம் இயற்றப்பட்டது. 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. விளைவு? அரசாணையின் தலைப்பிலே ஆங்கில நாள், அறுபதாண்டுப் பெயர், தமிழ்த் திங்களும் நாளும், திருவள்ளுவர் ஆண்டு எல்லாம் ஒருங்கே வீற்றிருக்கின்றன. ஓராண்டு தையிலே மாறுகிறது. ஓராண்டு சித்திரையிலே மாறுகிறது. ஓராண்டு சனவரியிலே மாறுகிறது. எது எழுந்தாலும் ஆட்சி மாறினால் விழும் என்னும் நிலை இருக்கும்வரை, கணக்குக்குக் கால் ஊன்றாது.

முன்னோர் வரிசை, உலக வரிசை

இனி, நாம் தொடங்கிய இடத்துக்கே வருவோம். நாளா முதலில், திங்களா முதலில்?

ஆங்கிலேயர் நாள், திங்கள், ஆண்டு என்று நமக்குப் பழக்கினர். அமெரிக்கர் திங்கள், நாள், ஆண்டு என்பர். நம் முன்னோர் எப்படி எழுதினர்? கல்வெட்டிலே ‘யாண்டு’ முதலில், பிறகு திங்களைக் குறிக்கும் ஞாயிறு, பிறகு பிறை, பிறகு கிழமை. தாத்தாவின் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: முதலில் ௵, அடுத்து ௴, அதனையடுத்து ௳. ஆண்டு, திங்கள், நாள். பெரியதிலிருந்து சிறியதற்கு! இன்றைய திருமண அழைப்பிதழிலும் தமிழ் வரி ‘இன்ன ஆண்டு, ஆவணித் திங்கள், இத்தனையாம் நாள்’ என்றுதான் நடக்கிறது. பிறைக் குறிக்குள்ளே ஆங்கில நாள் வந்தவுடன் அது தலைகீழாகிறது. ஒரே வரியிலே இரு வரிசை!

உலக நாடுகளின் தர அமைப்பு 1971இல் ஒரு பரிந்துரை செய்தது. அது வளர்ந்து 1988இல் 8601 என்னும் எண் கொண்ட தரமாயிற்று. அது கூறும் முறை யாது? ஆண்டு நான்கு இலக்கம், திங்கள் இரண்டு இலக்கம், நாள் இரண்டு இலக்கம். நம் மாணவியின் பிறந்தநாள், 2011-08-05. சீனரும் சப்பானியரும் கொரியரும் அங்கேரியரும் வழிவழியாக எழுதிவரும் வரிசை. நம் கிரயப் பத்திரத்தின் வரிசை. இதிலே ஒரு நலம் பாருங்கள். எண்களைச் சிறியது முதல் பெரியது வரை அடுக்கினாலே, நாள்கள் முந்தியது முதல் பிந்தியது வரை தாமே அடுக்குப்படும். பள்ளிப் பதிவேட்டை அடுக்கி அலுத்த எந்த ஆசிரியரும் இதன் அருமையை அறிவார்.

‘முன்னோர் செய்தனர்; ஆகவே செய்வோம்’ என்று நாம் கூறவில்லை. முன்னோர் செய்தனர் என்பதற்காக அறுபதின் சுழலை ஏற்கவில்லையே! ‘உலகம் செய்கிறது, ஆகவே செய்வோம்’ என்றும் கூறவில்லை. போப்பாண்டவர் கூறினார் என்பதற்காகச் சரியான கணக்கைத் தள்ளிய இங்கிலாந்தின் பேதைமை நமக்குப் பாடமாகட்டும். சொன்னவர் யார் என்பதை விட்டுச் சொன்னதன் மெய்யைக் காண வேண்டும் என்பது வள்ளுவர் நமக்குத் தந்த அறிவு. மயக்கம் தராத முறை எது? அதுவே நம் முறை.

இறுதியாக, நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியை எள்ளி நகைக்கும் பகுத்தறிவாளர் நாம், நம் துண்டறிக்கையிலே, கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலே, மடலிலே எப்படி எழுதுகிறோம்? 5-8-11 என்று! பதினொன்று எது? 1911ஆ, 2011ஆ? அறுபதாண்டுச் செக்கை உடைத்துவிட்டு, நூறாண்டுச் செக்கு ஒன்றை நாமே நட்டு, அதிலே நம்மையே பூட்டிக் கொள்கிறோம். ஆண்டைச் சுருக்கி இரு இலக்கமாக்கியதன் விலையை 2000ஆம் ஆண்டு பிறக்கும் வேளையிலே உலகக் கணிப்பொறிகள் யாவும் செலுத்தின. இயக்கத்தின் ஏடுகளைப் பழைய பெட்டியிலிருந்து எடுக்கும் நாளைய மாணவன், ‘எந்தத் தாது?’ என்று நாம் திகைத்ததுபோல, ‘எந்தப் பதினொன்று?’ என்று திகைக்க வேண்டுமா?

ஆகவே, தோழர்களே, அரசாணைக்குக் காத்திராமல் இன்றே தொடங்குவோம். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுவோம். எழுத்திலே எழுதுங்கால் திங்களின் பெயரைச் சொல்லால் எழுதுவோம்: 2011 ஆகஸ்டு 5. எண்ணிலேயே எழுத நேர்ந்தால் 2011-08-05. திருவள்ளுவர் ஆண்டைக் குறிப்போர், தைக்கு முன்னா பின்னா என்று பார்த்துக் குறிப்பிடுவோம். படிப்பகத்துப் பலகையிலும், மன்றத்துப் பதிவேட்டிலும், மணவிழா அழைப்பிலும் இதனைப் பழக்குவோம்.

அந்த மாணவிக்கு உதவித்தொகை இன்னும் வந்தபாடில்லை. இருநாள் முன்பு அவள் கரும்பலகையிலே நாள் எழுதும் முறை வந்தது. ஆண்டை முதலில் எழுதினாள். பிறகு திங்களின் பெயரை முழுமையாக எழுதினாள். பிறகு நாளை எழுதினாள். எழுதி முடித்துத் திரும்பி, “இப்ப யாருக்கும் சந்தேகம் வராதுல்ல, சார்?” என்று கேட்டாள்.

வராது, தங்காய். வரவிடமாட்டோம்.